ஒன்பது முறை விலைபோன மீன்

ஞாயிறு, விடியாத நாலரை மணி, காசிமேடு.
ஐஸ் உடைக்கிற சத்தத்தில் நிற்கிறேன்.
நைலான் பைக்குள் ரசீது புத்தகம்.
மேலே அச்சடித்திருக்கிறது:
சிறப்புக் குழந்தைகள் இடைக்காலப் பராமரிப்பு இல்லம்,
தண்டையார்பேட்டை.
இல்லம் இன்னும் இல்லை.
பம்பு ரிப்பேர் கடையாக இருந்த ஒரு வீடு இருக்கிறது,
அட்வான்ஸ் பாதி கொடுத்தது.
சுவரெல்லாம் யாரோ ஒருவனுடைய கிரீஸ் கை.

"அங்க உட்டா புள்ள நடந்துடுமா?"
இறால் உரித்துக்கொண்டே பவுனு கேட்டாள்.
நடக்காது.
"பேசுமா?"
பேசாது.
"அப்பால இன்னாத்துக்கு?"

வாய் கூசியது.
ஆபரேஷன் என்றால் போட்டோ ஒட்டி உண்டியல் குலுக்கலாம்.
சக்கர நாற்காலி என்றால்
கட்சிக்காரர்கூட வந்து கையெழுத்துப் போடுவார்.
பெற்றவள் ஒரு ராத்திரி கண்ணை மூடிக் கிடக்க
எந்த மாதா பேரைச் சொல்லிக் கேட்பது?

சகாயத்துக்குப் பதினாலு வயது.
முப்பத்தெட்டு கிலோ. ஹவுசிங் போர்டில் மூணாவது மாடி.
ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும்.
பத்து, பன்னிரண்டு, ரெண்டு, நாலு.
பதினாலு வருஷமாக நான் கனவை
முழுசாகப் பார்த்து முடித்ததில்லை.

தேசிங்கு வஞ்சிரத்தை வாலோடு தூக்கினான்.
"ஆறு கிலோ! இந்தக் காசு பூரா
நம்ம ரெஜினா புள்ள மாதிரி கொய்ந்தைங்களுக்கு!"
ஆறு கிலோ.
சகாயம் ஆறு கிலோவாக இருந்த நாளில்
ஒரு இடுப்பில் அவன், மறு இடுப்பில் குடம்,
படியில் மூச்சு வாங்காது.

ஐஸ் கம்பெனி நாகூர்கனி மூவாயிரத்துக்கு எடுத்தார்.
எடுத்த மீனைக் கையில் வாங்கவில்லை.
"திருப்பி உடு" என்றார்.
ஒரு தரம், ரெண்டு தரம்.
விசைப்படகுக்காரர் எடுத்தார், திருப்பிவிட்டார்.
கூடைக்காரிகள் ஏழு பேர் சுருக்குப்பை அவிழ்த்துச்
சேர்ந்து எடுத்தார்கள்.
பவுனுதான் எண்ணினாள், செதில் ஒட்டிய நோட்டுகளை,
என் முகத்தைப் பார்க்காமல்.
குடித்திருந்த ஒருவன் ஐம்பது ரூபாய்க்குக் கேட்டான்;
தேசிங்கு அதற்கும் மூணு தரம் சொல்லி முடித்தான்.
அவன் மீனை முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

வெயில் ஏறியது. மீனின் கண் கலங்கியது.
ஐஸை அள்ளி அள்ளி அதன்மேல் போட்டோம்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல.

ஒன்பதாவது தரம்
பைக்கில் வந்த ஒரு ஆள், ஓட்டலுக்கு வாங்குகிறவன்,
நாலாயிரத்துக்குக் கேட்டான்.
பணத்தைக் கொடுத்தான்.
மீனைத் தூக்கித் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக்
கிளம்பிவிட்டான்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை.
பிறகு சிரித்தார்கள் பார்,
துறைமுகமே சிரித்தது.
அவனுக்கென்ன தெரியும்?
மீனை விற்றார்கள், வாங்கினான்.

இருபத்துநாலாயிரத்து அறுநூறு.
ஒரு கட்டில், ஒரு ஆயா, ஒரு ராத்திரிக்கு அறுநூறு.
நாற்பத்தோரு ராத்திரி.
நாங்கள் பதினோரு வீடு.
நாகூர்கனி மகன் போனில் தட்டிச் சொன்னான்:
ஆளுக்கு மூணே முக்காலுக்குக் கொஞ்சம் குறைச்சல்.
முக்கால் ராத்திரி என்றால்
எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்?

கடைசி ரசீது பாக்கி.
பெயர்: தெரியாது. பைக் நம்பரும் பார்க்கவில்லை.
தொகை: நாலாயிரம்.
நோக்கம் என்ற கோட்டில்
காலையிலிருந்து 'குழந்தைகள் நலம்' என்றே எழுதிவந்தேன்.
வாங்கிக்கொள்ள ஆளில்லாத இந்த ஒன்றில்
பேனாவை அழுத்தி எழுதினேன்:
நான் தூங்க.

கார்பன் தாள் வழியாக
அடியிலும் விழுந்தது.
பவுனு எட்டிப் பார்த்தாள்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
"இன்னா எழுதுன?" என்றாள்.
சொன்னேன்.